பள்ளி திறக்கும் முன் கேட்ட பூ

ஏப்ரல் 24, வியாழன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. தண்ணீர் வரவில்லை. ஸ்கூலில் பெற்றோர் கூட்டம்.

வந்திருந்தவர்கள்: தலைமையாசிரியை. கணக்கு டீச்சர். கமிட்டித் தலைவர் (பனியன் கம்பெனி வைத்திருக்கிறார்). எங்கள் லைன் வீட்டில் கடைசியில் குடியிருக்கும் முத்துமாரி, விருதுநகர்ப் பக்கத்துக்காரி. நான். அவ்வளவே. மற்ற நாற்காலிகள் காலி.

பேச்சு: எப்போதும்போல நீண்ட கோடை விடுமுறையா, இல்லை பத்தாவது போகும் பிள்ளைகளுக்காவது மே மாதம் வகுப்பு வைப்பதா.

நான்தான் முதலில் எழுந்தேன். "வருசம் பூராவும் தொறந்தே வைங்க டீச்சர். நடுநடுவுல கொஞ்சங் கொஞ்சமா லீவு உடுங்க. ஒரேயடியா உட்டீங்கன்னா பொம்பளப் புள்ளைக கம்பெனிக்குப் போயிருது. போனது திரும்பறதில்லீங்க."

தலைவர் சிரித்தார். "ஏனுங்க, அதுகளாத்தான் தேடி வருது. நாங்க என்ன வல போட்டா புடிக்கறோம்?"

முத்துமாரி: "எம்மகளுக்கு ஊருன்னா இந்த ஒரு மாசந்தான். சித்தி புள்ளைகளோட வேற எப்ப இருக்கும்? அதையும் புடுங்கிறாதீக." நியாயம்.

கணக்கு டீச்சர் விரலை மேலே காட்டினார். தகரக் கூரை. "மே மாசம் இதுக்குக் கீழ ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்கம்மா. போன வருசம் ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்க." அதுவும் நியாயம். எல்லோரிடமும் நியாயம் இருந்தது. எனக்கு மட்டும் பயம் இருந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். திறந்து வைக்க: நான் மட்டும். முடிந்தது. டீ கொடுத்தார்கள், வடை ஆறிப்போயிருந்தது.

மே 5, திங்கள்

ஒன்பதாவது முடித்த என் மகள் தர்ஷினி இன்று பனியன் கம்பெனிக்குப் போனாள். கூட்டிப்போனது நங்கையா, என் வீட்டுக்காரருடைய அக்கா. செக்கிங் பிரிவில் இருக்கிறார். தைத்து வரும் பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலை.

நான் வேண்டாம் என்றேன். இவர், "ஊட்டுக்குள்ள செல்போனப் பாத்துட்டுக் கெடக்கறதுக்கு அது தேவல. ஸ்கூல் தொறக்கற வரைக்குந்தான புள்ள" என்றார். இவர் கட்டிங் மாஸ்டர். சீசன் இல்லை, வாரத்தில் பாதி நாள்தான் வேலை.

வீடு ஒரே அறை. மதியத்தில் கூரைச் சீட்டு கொதிக்கிறது. அவள் இல்லாத வீட்டில் அவள் பாவாடையை இரண்டு தடவை மடித்தேன்.

வாங்கியது: ஊத்துக்குளி வெண்ணெய் கால் கிலோ (உருக்க). கற்பூரம். திரி.

மே 10, சனி

சம்பள நாள். தர்ஷினி எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வந்தாள். தனக்கு ஒரு ஜோடிக் கம்மல். எனக்குக் கண்ணாடி வளையல். சாப்பிடும்போது இந்தி பேசிக் காட்டினாள். பக்கத்து டேபிளில் இருக்கும் வடநாட்டுப் பெண் சொல்லிக்கொடுத்ததாம். இவர் சிரித்துப் புரையேறிவிட்டார்.

பத்து மாதம் ஸ்கூலுக்குப் போய் வந்தவள் ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை. அது நெஞ்சில் கல்லாக இருக்கிறது. நான்காம் வகுப்போடு நின்றவள் நான். பஸ் போர்டையும் கந்தர் சஷ்டிப் புத்தகத்தையும் வைத்துத்தான் எழுத்துக் கூட்டினேன். ஸ்கூலை நான் ஆசைப்பட்ட மாதிரி அவளும் ஆசைப்பட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

வளையல் அளவு சரி. போட்டுக்கொள்ளவில்லை.

மே 20, செவ்வாய்

மழை வரும் போல இருட்டி, வராமல் போயிற்று. தர்ஷினிக்கு வலது கட்டைவிரலில் கத்தரி பிடித்துக் காப்புக் காய்த்திருக்கிறது. மஞ்சள் வைத்தேன். "வலிக்கலீங்ம்மா" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பத்தாவது புத்தகம் முத்துமாரி வீட்டில் பழசு ஒன்று கிடைத்தது. அட்டை போட்டு வைத்தேன். அவள் புரட்டக்கூட இல்லை. வந்தால் தூக்கம். எழுப்ப மனசு வரவில்லை.

மே 27, செவ்வாய்

அமாவாசை. சாமி கும்பிட்டு இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். தர்ஷினி பருப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "இனி ஸ்கூலுக்குப் போகலீங்ம்மா."

நான்: "ஏங் கண்ணு?"

"பத்தாவது படிச்சுட்டு எங்க போவேன்? அதே டேபிளுக்குத்தான். இப்பவே போனா ஆவாதா?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கம்பெனி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் கத்தினேன், அழுதேன். சாப்பாடு ஆறியது. கடைசியில் நங்கையா: "எதுக்குப் புள்ள சண்ட? வெள்ளிக்கெழம மாகாளியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாம். வெள்ளப் பூ வந்தா ஸ்கூலு. செவப்பு வந்தா கம்பெனி. அவ சொன்ன மேல ஆரும் பேசப்படாது."

நான் உடனே சரி என்றேன். ஊரில் தண்ணீருக்குப் போர் போடும்போதும் இவர் தங்கை கல்யாணத்துக்கும் பூக் கேட்டுத்தான் செய்தோம். ஆத்தா பொய்த்ததில்லை. வெள்ளைதான் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மே 30, வெள்ளி

தலைக்குக் குளித்து, பட்டினி. வெள்ளை நந்தியாவட்டை, சிவப்பு அரளி. கேட்கும் வீட்டுப் பெண்தான் பொட்டலம் கட்ட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது, அது வழக்கம். சமையல் மேடையோரம் திரும்பி நின்று கட்டினேன். தட்டில் நந்தியாவட்டை நிறைய இருந்தது. இரண்டிலும் அதையே வைத்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு.

கோவிலில் பூசாரி இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்துக் குலுக்கித் தீபம் காட்டினார். எடுப்பதற்கு எங்கள் லைனில் குடியிருக்கும் ஒடிசாக்காரர் வீட்டுக் குழந்தை ரிங்கி. மூன்று வயதிருக்கும். வெல்லம் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனோம். ஒன்றைத் தொட்டாள், விட்டாள், மற்றதை எடுத்தாள்.

பிரித்தார்கள். சிவப்பு.

நங்கையா: "அப்பறமென்ன, ஆத்தாளே சொல்லிட்டா." இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தர்ஷினியைப் பார்த்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ரிங்கியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

திரும்பும் வழியில் ஒன்றும் கண்ணில் படவில்லை. செருப்பைக் கோவிலிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

மே 31, சனி

தர்ஷினி கம்பெனி போய் வந்தாள். சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"பொட்டலம் ரெண்டும் நீங்கதான கட்டுனீங்க?"

"ஆமா."

"ரெண்டுலயும் வெள்ளையே வெச்சிருக்கலாமில்லீங்ம்மா."

கை நின்றுவிட்டது. "நீதான கண்ணு போகலீன்னு சொன்ன?"

"அப்பாவுக்கு வேல இல்லீன்னுதான் சொன்னேன். நீங்க எப்படியும் கம்பெனிக்கு உட மாட்டீங்கன்னு நெனச்சேன்."

பின்னி முடித்தேன்.

இவரிடம் சொன்னேன். "ஆத்தா வாக்க மீறி அனுப்பிப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றார். எனக்கும் அதே பயந்தான். பயம் இல்லை என்று எழுதினால் பொய்.

கோவிலுக்கு ஓடினேன். பூசாரி நடை சாத்திக்கொண்டிருந்தார். "மறுக்கா கேக்கலாமுங்களா?" "ஒருக்காக் கேட்டத ஒடனே கேக்கப்படாது சாமி. ஆடி பொறக்கட்டும்." ஆடிக்குள் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். அவளுக்கும் பழகிப்போயிருக்கும்.

மே மாதத்திலும் ஸ்கூல் திறந்திருந்தால் இந்தப் பேச்சே வீட்டுக்குள் வந்திருக்காது. தகரத்துக்குக் கீழே வெந்திருப்பாள், என்னைத் திட்டியிருப்பாள். ஆனால் நாளை மறுநாள் போயிருப்பாள்.

ஜூன் 1, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை. நாளை ஸ்கூல் திறக்கிறது. முத்துமாரி மகள் ஊரிலிருந்து கறுத்துப்போய் வந்திருக்கிறாள், புதுப் பையைத் தோளில் மாட்டி வாசலில் நடந்து காட்டுகிறாள். தர்ஷினி பார்த்துக்கொண்டு நின்றாள்.

யூனிபார்ம் தேய்த்து அலமாரியில் வைத்தேன். கத்தரியும் அதே அலமாரியில்தான். இவர் காலையிலிருந்து வெளியே போவதும் வருவதுமாக இருக்கிறார்.

விளக்கு ஏற்றினேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் இன்றுதான் முதன்முதலாக, ஆத்தா, உன் முன்னால் நின்றேன். உன்னை நான் ஏமாற்றவில்லை. ஆனால் பிள்ளையை ஏமாற்றியதாக ஆகிவிட்டது. நீ சொன்னது நிஜமாகவே நீ சொன்னதுதானா, இல்லை வெல்லத்துக்கு வந்த குழந்தையின் கைதானா? இப்படிக் கேட்பது பாவம் என்றால் பாவம் எனக்கு வரட்டும், அவளுக்கு வேண்டாம்.

ஆடி வரைக்கும் என்னால் ஆகாது. கம்பெனி வேன் நாளைக் காலை எட்டு மணிக்கு வந்துவிடும். அதற்குள் எனக்கு ஒரு பதில் சொல்லு.