வருகைத் தாளில் போட்ட கையெழுத்து

18 நவம்பர் 1996, திங்கள் மாலை

அன்பு மகள் பிளாங்காவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே என் முழங்காலையும் உன் அப்பாவின் வாயையும் தவிர மற்ற எல்லாம் சுகம். ஹாலிஃபாக்ஸில் நீயும் டங்கனும் குட்டி நோராவும் சுகமாக இருக்கிறீர்களா, நோராவின் காது வலி விட்டதா என்று எழுது. கடல்காற்று ஊர் அது, குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே கூட்டிப் போகாதே. அப்பா போன வாரம் முட்டைகோஸைச் சீவி உப்புப் போட்டு ஜாடியில் அமுக்கிச் சமையலறை மூலையில் வைத்திருக்கிறார், வீடு முழுக்கப் புளித்த வாடை, என்னைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவருக்கு அதில் பரம சந்தோஷம். ரயில்வேயில் முப்பத்தெட்டு வருஷம் விசில் ஊதியபோதுகூட இவ்வளவு கூட்டத்தை ஒரே ஊதலில் விரட்டியதில்லை என்கிறார்.

மேலவைத் தேர்தல் முதல் சுற்று முடிந்துவிட்டது. நான் முதலிடம், பல் டாக்டர் இரண்டாமிடம், நடுவில் அறுநூறு ஓட்டுதான் வித்தியாசம். இந்த வெள்ளியும் சனியும் எங்கள் இருவருக்கும் மறுபடி ஓட்டெடுப்பு. எல்லோரும் வாழ்த்துகிறார்கள், எனக்கோ எப்போது படுப்போம் என்று இருக்கிறது. ஆறு வருஷம் மேயராக இருந்து சாக்கடை, எரிவாயுக் குழாய், பள்ளிக்கூடக் கூரை என்று அலைந்ததில் வராத அசதி இந்த ஒரு மாதத்தில் வந்துவிட்டது. நாடகத்தில் மூன்று மணி நேரம் ராணியாக நின்றால் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். இதில் துடைக்கவே நேரம் கிடைப்பதில்லை. ஆனால் இதைப் புலம்புவதற்காக நான் எழுத உட்காரவில்லை. காலையில் உனக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன், நீயும் எடுத்தாய், நான் முட்டைகோஸைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நேற்று கலாச்சார மண்டபத்தில் கூட்டம். பதினேழாம் தேதி அல்லவா, எண்பத்தொன்பதில் கம்யூனிஸ்ட் ஆட்சியைப் போகச் சொல்லிச் சதுக்கத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கியவர்கள் எல்லாம் பழைய நினைப்பில் வந்திருந்தார்கள். நான் நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் பல் டாக்டரின் மச்சினர் எழுந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட பழுத்துப்போன செய்தித்தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பேரு உங்களுதுதானே மேயரம்மா, இல்ல இதே பேர்ல இன்னொரு நடிகை இருந்தாங்களா?" என்று கேட்டார். எழுபத்தேழாம் வருஷத்துத் தாள். அந்த ஆட்சியிடம் உரிமை கேட்டு மனு எழுதியவர்களைத் துரோகிகள் என்று திட்டி, நாடு முழுக்க நடிகர்களும் பாடகர்களும் கையெழுத்திட்டதாக அன்று பெயர் பெயராகப் போட்டார்களே, அந்தப் பட்டியல். நான் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னேன், நீயும் நூறு தடவை கேட்டிருப்பாய். எங்களை ஒத்திகைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள், வாசலில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு தாள், வந்தவர்கள் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், வருகைத் தாள் என்றார்கள். அந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு, "எல்லாரும் போட்டோம், நானும் போட்டேன், ரெண்டு வாரம் கழிச்சுப் பேப்பரைப் பாத்துத்தான் என்னத்துல போட்டோம்னே தெரிஞ்சுது" என்று முடிப்பேன். நேற்றும் நிறுத்தினேன். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, "விரிச்சுப் படிச்சேன்" என்று ஒரு குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. உதடு அசையாமல், மேடையில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிற குரல். நம் ஆனெஷ்காதான், மேடைக்கு அடியில் பெட்டியில் உட்கார்ந்து இருபது வருஷம் எங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவள், உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். நான் அவளைப் பார்த்தேன். ஆனாலும் வாய் பழகிய வரியைச் சொல்லி முடித்தது, ஜனங்கள் கை தட்டினார்கள், மச்சினர் உட்கார்ந்துவிட்டார்.

பிளாங்கா, அவள் எடுத்துக் கொடுத்ததுதான் சரியான வரி. அன்றைக்கு நான் ஒத்திகைக் கூடத்துக்குச் சீக்கிரமே போயிருந்தேன். மேஜையில் தாள் இருந்தது, அதன் மேல்பாதியைப் பின்பக்கமாக மடித்து வைத்திருந்தார்கள், கோடு போட்ட கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தது. நிர்வாகி பேனாவை நீட்டி, வருகைத் தாள் என்றார். நான் மடிப்பை விரித்தேன். முழுக்கப் படித்தேன், ஒன்பது வரி, இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, வசனம் மனப்பாடம் செய்தே பிழைத்தவள் இல்லையா. நிர்வாகி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடக்கிறேன், தாளை முன்பு இருந்தபடியே மடித்து, மடிப்பை நகத்தால் நீவி வைத்தேன். பின்னால் வந்தவர்கள் நாற்பது பேர் அந்தக் கீழ்ப்பாதியில் போட்டார்கள். அவர்களில் பலர் நிஜமாகவே வருகைத் தாள் என்று நம்பித்தான் போட்டார்கள். எனக்கு அடுத்து நின்ற ஆனெஷ்கா மட்டும் நான் விரித்ததைப் பார்த்துவிட்டாள். அவளும் விரித்துப் படித்தாள், பேனாவை மேஜையில் வைத்தாள், கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அந்த மாதமே அவள் வேலை போயிற்று. பன்னிரண்டு வருஷம் சலவைக்கூடத்தில் பிறர் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். எண்பத்தொன்பதில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்து, நாடகத்துக்குப் பதில் மேடையிலிருந்து அறிக்கை வாசித்தபோது, அந்த அறிக்கையை வாசித்தவள் நான். ஊர் என்னை மேயராக்கியது அந்த ஒரு ராத்திரிக்காகத்தான். அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டதும் நான்தான். அவள் வந்தாள், பென்ஷன் வரை அந்தப் பெட்டியில் உட்கார்ந்து எனக்கும் மற்றவர்களுக்கும் வரி எடுத்துக் கொடுத்தாள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்று மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். நான்காவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை, மேயரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். அவள் உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பழக்கம்டி. நீ நிறுத்தினியா, அடுத்த வரி மறந்துபோச்சுன்னு நெனச்சு வாய்ல வந்துடுச்சு" என்றாள். கேலியா நிஜமா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கோபமில்லையா என்று கேட்டதற்கு, "மொதல் ரெண்டு வருஷம் இருந்துச்சு. சலவைச் சோடா கையைத் தின்னுச்சு பாரு, அப்போ இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன், நீ விரிக்கலன்னா நானும் வருகைத் தாள்னு நெனச்சுப் போட்டிருப்பேன். எனக்கு நல்லதுதான் பண்ணிருக்கே, போ" என்றாள். யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று வெட்கமில்லாமல் அதையும் கேட்டேன். "உனக்குத்தான். அந்தாளு பல்லு புடுங்கினா நாலு நாளு வீங்குது. ஆனா யர்மிலா, வருகைத் தாளு வருகைத் தாளுன்னு இனிமே மேடையில சொல்லாதே, கேக்கவே நல்லால்ல" என்றாள். இரண்டு உருளைக்கிழங்கு அடை சுட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு இறங்கினேன்.

இறங்கி என் தேர்தல் அலுவலகத்துக்குப் போனால் அங்கே உன் கடிதம். நாடக அரங்கில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த ஹினெக்தான் எனக்குத் தேர்தல் வேலை பார்க்கிறான் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவன் எனக்குத் தெரியாமல் உன்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். "கனடாவிலிருந்து ஒரு மகள்" என்று தலைப்புப் போட்டு, உன் படத்தோடு துண்டறிக்கை அடிக்க எல்லாம் தயார். படித்தேன். "அம்மா அதைப் படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார், அப்படியே தெரிந்து போட்டிருந்தாலும் என் படிப்புக்காகத்தான் போட்டிருப்பார், அந்தப் பாரத்தை நான் இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே. ஹினெக்கைக் கூப்பிட்டேன். இதை அச்சடிக்காதே என்றேன். காரணம் கேட்டான், சொன்னேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, "மேயரம்மா, நாலே நாளு இருக்கு. பாவமன்னிப்பை ஞாயித்துக்கெழமை கேட்டுக்கலாம், சாமி எங்கயும் போயிடாது" என்றான். அறுநூறு ஓட்டு ஒரே சாயங்காலத்தில் போய்விடும் என்றான், அவன் சொல்வது சரிதான். பிறகு, "ஒங்களுக்கு இப்ப என்ன வயசு, எதுக்கு இந்த வீம்பு" என்று அழாத குறையாகக் கேட்டான். அச்சுத்தாளை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், இதோ மேஜையில் உன் படம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு இப்போதுதான் வருகிறேன். அது உனக்காக அல்ல, பிளாங்கா. உன் அப்பா தொழிலாளி, தொழிலாளியின் மகளுக்கு மேல்படிப்பில் இடம் இல்லை என்று அந்த ஆட்சியில் சொல்ல மாட்டார்கள் என்று உன் பள்ளித் தலைமை ஆசிரியர் அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். உன் இடத்துக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று தெரிந்துதான் நான் ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். நான் கையெழுத்துப் போட்டது அந்த வசந்தத்தில் வரவிருந்த ராணி வேஷத்துக்காக. முப்பத்தாறு வயது எனக்கு, அதை விட்டால் அப்புறம் தாதி வேஷமும் மாமியார் வேஷமும்தான். வேஷம் கிடைத்தது. நீ முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாய், என் அம்மா எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று. எப்போதோ ஒரு முறை, உன் பொருட்டுத்தான் என்கிற மாதிரி நான் பெருமூச்சு விட்டிருப்பேன், வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நீ அப்படி நினைத்ததை நான் தடுக்கவும் இல்லை. பத்தொன்பது வருஷம் என் மூட்டையை உன் தோளில் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கு நான் என்ன சொன்னாலும் தகாது, வெட்கமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவிடம் இன்று சொன்னேன். அவர் ஜாடி மேல் கல்லை நகர்த்தி வைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும். நீ தாளைப் படிக்காம ஒரு மருந்துச் சீட்டுலகூடக் கையெழுத்துப் போட்டவ இல்ல" என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ பொய் சொல்லியிருப்பே, நானும் நம்பற மாதிரி நடிக்கணும், அது எனக்கு வராதே" என்றார். பிறகு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை சதுக்கத்தில் கடைசிக் கூட்டம். மடித்த தாளைப் பற்றி அங்கே சொல்லப்போகிறேன், மடிப்பை நீவி வைத்ததையும் சேர்த்து. ஆனெஷ்காவின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்கு அது பிடிக்காது. உன் கைக்கு இந்தக் கடிதம் வரும்போது நான் மேலவை உறுப்பினரா, வேலையில்லாத கிழவியா என்பது தெரிந்துபோயிருக்கும். தோற்றால் நன்றாகத் தூங்குவேன் என்று வீரம் பேச மாட்டேன், ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை, அந்த ஆசை என்னை விட்டுப் போகிற மாதிரி இல்லை. ஆனால் ஊருக்குச் சொல்வதற்கு முன் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. கோபம் வந்தால் திட்டி எழுது, பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நோராவுக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன், தனிப் பொட்டலமாக வரும். டங்கனுக்கு என் அன்பைச் சொல். நான் கோயிலுக்குப் போகாதவள்தான், இருந்தாலும் உன்னை வழியனுப்பிய காலையில் செய்தது போல உன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். நல்லா இரு, என் கண்ணே. ஒன்றை மறந்துவிடாதே, அங்கே நம் ஊர்க்காரர்கள் யாராவது கேட்டால் எனக்காக இனி ஒரு வார்த்தை வாதாடாதே.

எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன், இன்றைக்கும் படித்துவிட்டுத்தான் போடுகிறேன்.

உன் அம்மா,
யர்மிலா விட்கோவா