கட்டங்களுக்குள் ஒரு மெயில்

கடலூர்,
9.8.2007

அன்பு மாமாவுக்கு,

மூன்று வாரமாக உங்கள் போனை எடுக்காத மனைவி லேகா எழுதுவது. குழந்தை பிரீதாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது. சிதம்பரத்தில் அத்தை சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று சும்மா எழுத மனசு வரவில்லை.

ஆபீசில் நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். குடிகாட்டில் எங்கள் கம்பெனிக்குச் சீனாவிலிருந்து நாற்பது டிரம் கெமிக்கல் வந்து இறங்கியது. ஸ்டிக்கரில் எல்லாம் சீன எழுத்துதான். என் கம்ப்யூட்டரில் புது சாஃப்ட்வேரைத் திறந்தால், சரக்கின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக வெறும் கட்டம். பிரிண்ட் எடுத்தாலும் கட்டம். ஸ்டோர் பார்க்கும் லூர்துசாமி அண்ணனோ, பேப்பரில் இருப்பதும் டிரம்மில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாஃப்ட்வேர்காரர்களைக் கேட்டால் தங்கள் பக்கம் தப்பில்லை என்றார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மேனேஜர் கம்ப்யூட்டரில் மட்டும் அதே பக்கம் ஒழுங்காகத் தெரிகிறதே, எப்படி? என் திரையிலிருந்து ஒரே ஒரு கட்டத்தைக் காப்பி செய்து அவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே அது எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது! கேள்விக்குறியாக வந்தால்தான் எழுத்து அழிந்துபோனதாம், மேனேஜர் சொன்னார். கட்டமாக வந்தால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, மெஷினுக்குத்தான் காட்டத் தெரியவில்லை. கண்ட்ரோல் பேனலில் மொழிகள் பக்கத்தில் சீன எழுத்துகளுக்கான டிக்கைப் போட்டு, விண்டோஸ் சிடியைச் செருகி, ஆஃப் செய்து ஆன் செய்தேன். எல்லாப் பெயரும் வந்துவிட்டது. லூர்துசாமி அண்ணன் இரண்டு டிரம்மில் எழுத்து வேறு என்று ஓரமாக நிறுத்திவிட்டார். மனுஷனின் பிடிவாதம் வீண்போகவில்லை.

அந்த டிக்குக்கு நேர் மேலே இன்னொரு டிக் இருந்தது. அது நம் தமிழ் மாதிரி எழுத்துகளுக்காம். என் மெஷினில் யாரோ முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆபீசில் யார் போட்டிருப்பார்கள்? அப்போதுதான் மூன்று வாரம் முன்பு நீங்கள் போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

"மெயில் பூராவும் கட்டங்கட்டமா இருக்கு லேகா, என்ன எழுதியிருக்கன்னு வாயால சொல்லு" என்று கேட்டீர்களே. இன்னும் இரண்டு வருஷம் சிங்கப்பூரிலேயே இருக்கக் கையெழுத்துப் போடட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கு நான் அனுப்பிய பதில் அது. படித்துவிட்டுத்தான் நழுவுகிறீர்கள் என்று நினைத்துப் போனை வைத்தேன். நீங்கள் சொன்னது நிஜம். மன்னித்துவிடுங்கள்.

போனில் ஆரம்பித்தால் மறுபடி சண்டையில்தான் முடியும், மெயில் அனுப்பினால் மறுபடி கட்டம்தான் வரும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மேலே இருக்கும் அந்த டிக்கை உங்கள் மெஷினில் போட்டால் என் மெயில் முழுசாகத் தெரியும். ஒரு எழுத்துகூட அழிந்திருக்காது, அதுதான் என் பயம். தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள், நானும் பிரீதாவும் உங்கள் போட்டோவோடு இருக்கப் பழகிவிட்டோம் என்று எழுதியிருக்கிறேன். படிக்காமல் அழித்துவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம், படியுங்கள். கோபத்தில் எழுதியவளும் நான்தான். ஆனால் படித்த கையோடு இதையும் படியுங்கள்.

முப்பத்தொன்றாம் தேதி அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் மாமா. நடராஜர் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். பிரீதா இப்போதெல்லாம் போட்டோவைத்தான் அப்பா என்கிறாள்.

உங்கள்
சந்திரலேகா