தாம்போதியில் போட்ட ஒட்டு

12.02.1986
இந்த மாதமும் தார் இல்லை என்று றோட்டுக் கந்தோரிலிருந்து துண்டுக் கடிதம். கடலுக்குக் குறுக்கே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் குழி இடுப்பளவு என்று எழுதியிருந்தேன். உண்மையில் முழங்காலளவு. கூட்டி எழுதியும் பயனில்லை. றோட்டு ஓவசியர் என்று பேர், கையில் ஒரு வாளி தார் கிடையாது.

15.02
என்னோடு இருக்கும் பரிமளம் அக்காவுக்குத் தொய்வு இழுப்பு. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வாடகை வான் அந்தக் குழியில் விழுந்தது. அரை மணி நேரம் மூச்சுக்குத் தவித்தார். வான்கார அப்புத்துரை சொல்லிவிட்டார்: "குழியை மூடினால் வாறன். இல்லாட்டி அக்காவை வள்ளத்திலதான் கொண்டுபோகவேணும்."

20.02
கைவிட்ட றோட்டில் பெயர்ந்து கிடந்த தார்க்கட்டிகளைப் பீப்பாவில் உருக்கினோம். ஆறியதும் அப்பளம்போல நொறுங்கியது.
"பழந்தாருக்குச் சீவன் இல்லை ஐயா. இழுபட ஏதும் சேர்க்கவேணும்" என்றான் என் வேலையாள் மார்க்கண்டு.
பழைய பஸ் ரயர் ஒன்று கிடக்கிறது.

24.02
ரயரைச் சீவிச் சீவிப் போட்டு, கழிவு ஒயிலும் ஊற்றி, மாலைவரை கிண்டினோம். றப்பர் கரையவில்லை, ஊறிப் பருத்தது. கல்லோடு கிளறிக் குழியில் இறுக்கினோம். பிடித்துக்கொண்டது! சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

வாசலிலேயே அக்கா பின்வாங்கினார். தார் மணம் என்றேன்.
"தார் மணம் எனக்குத் தெரியும், தம்பி. இது ரயர்."
எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தெற்கில், அவையின்ர கடை வாசலில் அத்தானுக்கு ரயர் மாட்டிக் கொளுத்தினதை அவ கண்ணால கண்டவ. எனக்குத் தெரியாதா? தெரியும். ரயரைச் சீவேக்க ஒருக்கால்கூட ஏன் நினைவு வரேல்லை? நான் என்ன மனிசன்?

01.03
அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. அன்றைக்குப் போட்டிருந்த, ரயர் மணம் போகாத சேட்டைக் கடலில் எறிந்தேன்.

09.03
அக்காவின் மருந்து முடிந்தது. அப்புத்துரை சொன்னபடி வந்தார். வானின் கண்ணாடிகளை மேலே ஏற்றிவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். தாம்போதியில் வான் குலுங்கவே இல்லை. அதிலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டார்.
"இந்த இடம்தானே?"
"ஓம் அக்கா."
"வேற ஒண்டும் கிடைக்கேல்லையே?"
"இல்லை."
சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். ஆஸ்பத்திரி வரும்வரை எடுக்கவில்லை. பிறகு சொன்னார்: "திரும்பேக்க வள்ளத்தில போவம், தம்பி."

14.03
கந்தோரில் என் ஒட்டைப் பாராட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரையுள்ள மற்றப் பதினொரு சின்னக் குழிகளையும் அப்படியே மூடட்டாம். எத்தனை ரயர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.
அக்காவுக்கு இனி வள்ளம்தான் என்று தெரிந்தும், நான்கு என்று எழுதி அனுப்பினேன்.