என்னைக் காட்டிக்கொடுத்த நண்பனுக்கு

இன்று காலை மேட்டுக் குடியிருப்பான ரொம்சோஸிலிருந்து கீழே இறங்கும் பேருந்தில் ஒரு பயணியாக உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுக்கதவால் ஏறினாள். கதவு சீறிக்கொண்டு மூடியது. அந்தச் சத்தத்துக்கு என் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல. உன் நினைவு வந்தது. வேலைக்குப் போய் வந்து இதை எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் பேருந்து ஓட்டப் படித்தோம். உனக்கு ஊர் திருகோணமலை, எனக்கு யாழ்ப்பாணம். அதற்கு முன் நீ நோர்வேயின் வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் நான்கு வருடம் இருந்தவன். உன் இடக்கைச் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை. போரில் செல் வெடித்த துண்டு பட்டுப் போனது என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். நீ ஓம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

2006 முடியும் குளிர்காலம். ஊரில் போர் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அப்பாவின் பிரஷர் குளிசை அங்கே கிடைக்கவில்லை. இடைவேளை கிடைத்தபோதெல்லாம் நான் தொலைபேசியும் கையுமாக நின்றேன். பத்துத் தரம் அடித்தால் ஒரு தரம் மணி போகும். பகலில் பேருந்து, பின்னேரத்தில் ஒரு அலுவலகம் துப்புரவாக்கும் வேலை, சனிக்கிழமை தமிழ் வகுப்புப் பொறுப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கி, தாடை நோவோடு எழும்புவேன். கை நடுங்கியது. கோப்பியைக் குறைத்துப் பார்த்தேன். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை நோர்வேக்காரர் வாயில் நாள்தோறும் கேட்டிருந்தேன். அது அவர்களுடைய வருத்தம், பனிச்சறுக்குக்குப் போக நேரம் கிடைக்காதவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் நீ வேலை முடிந்து என் பேருந்தில் நின்றபடி வந்துகொண்டிருந்தாய். ஒரு தரிப்பிடத்தில் கதவை மூடினேன். கண்ணாடியைப் பார்த்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைவு. ஆனால் எதையும் காணவில்லை. ஏற வந்த ஒரு குழந்தை வண்டியின் முன்சில்லு கதவில் சிக்கியிருந்தது. அதோடு பேருந்தை எடுத்தேன். "நிப்பாட்டு! நிப்பாட்டடா!" என்று நீ தமிழில் கத்தினாய். ஒரு மீட்டர் தூரம் போயிருக்கும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, நித்திரைகூடக் குழம்பவில்லை. தாய் மட்டும் கைப்பிடியை விடாமல், முகம் வெளுத்துப்போய் நின்றாள். நான் இருக்கையை விட்டு எழும்பவில்லை. நீதான் இறங்கிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டாய்.

கடைசித் தரிப்பிடத்தில் ஆட்கள் எல்லாரும் இறங்கிய பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாய்.

"உன்ர கையைக் காட்டு."

நான் காட்டவில்லை.

"நாளைக்குப் பொறுப்பாளரிட்டப் போய்ச் சொல்லு. நான் ஓட்டுற நிலையில இல்லையெண்டு சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

"வேலை போயிடும் மச்சான். விசர்க் கதை கதைக்காதை."

"போனாப் போகட்டும்."

நான் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம்வரை பொறுத்திருந்துவிட்டு நீ சொன்னாய். ஓட்டுநர்களுக்குப் பொறுப்பாளர் ஒரு பெண். என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் ஊற்றித் தந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லாயிருக்கிறேன் என்றேன். கோப்பை என் கையில் ஆடித் தண்ணீர் மேசையில் சிந்தியது. அவர் வேறொன்றும் கேட்காமல் என் பேரை ஓட்டும் பட்டியலிலிருந்து எடுத்தார்.

மருத்துவர் இதயத்தைப் பார்த்தார், இரத்தத்தைப் பார்த்தார். பிழையில்லை. நோயென்று ஏதாவது பேர் சொல்வார் என்று காத்திருந்தேன். நாளில் எத்தனை மணி நேரம் எந்த யோசனையும் இல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் விடுப்பு எழுதித் தந்தார்.

அந்த விடுப்பின் முதல் மாதம் நான் செய்தது ஒன்றுதான். உன்னை வெறுத்தேன். காட்டிக்கொடுத்தவன் என்று மனைவியிடம் சொன்னேன். போரில் உயிர்களை வாங்கிய அந்தச் சொல்லுக்கு நம் ஆட்களிடையே என்ன பாரம் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் வந்தாய். நான் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். நீ என் மனைவியோடு தேநீர் குடித்துவிட்டுப் போவாய். நான்காவது ஞாயிறு அறைக்கதவுக்கு வெளியே வந்து நின்றாய். கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மச்சான், என்ர விரல் செல் பட்டுப் போகேல்லை. மீன் வெட்டுற மெசின்ல போனது. ஊரில தம்பியைப் பிடிச்சிட்டாங்களெண்டு கடிதம் வந்து மூண்டு கிழமை. நித்திரை இல்லை. கை நடுங்கினது. பக்கத்தில நிண்டவனுக்குத் தெரியும். அவன் என்ர சிநேகிதன், அதால ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

 நான் எழுந்து கதவைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை. "சப்பாத்தைப் போடு" என்றாய்.

வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் இருக்கும் குளத்தைச் சுற்றி நடந்தோம். பிறகு கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் நடந்தோம். ஊருக்குத் தொலைபேசி எடுப்பதைக் காலை ஏழு மணிக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது நீ. "நீ நாப்பது தரம் அடிச்சா அங்கை குளிசை வந்திடுமே?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செய்து பார்த்தேன். முதல் வாரம் கை தானாகத் தொலைபேசிக்குப் போனது. இரண்டாம் வாரம் மாலை வேலையை விட்டேன். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், குளத்தில் உறைந்திருந்த பனியின்மேல் ஒரு நாய் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அரைமணி நேரமாக அப்பாவை நினைக்கவில்லை என்பது தெரிந்தது. மருத்துவர் கேட்ட கேள்வி அப்போதுதான் விளங்கியது. அப்பாவுக்குக் குளிசை கப்பலில் வந்து சேர்ந்தது. அதற்கும் என் பதற்றத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விடுப்பு முடிந்ததும் முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று ஓட்டத் தொடங்கினேன். வேலை போகவில்லை.

அடுத்த வருடம் உனக்கு ஈரலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு பகல், நாம் இருவரும் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"ஏன் மச்சான் அண்டைக்குச் சொன்னனீ? இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமெல்லோ?"

நீ சோர்ந்துபோயிருந்தாய். ஆனாலும் உடனே பதில் சொன்னாய்.

"பொறுத்திருந்தா நீ சொல்லியிருப்பியே?"

இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். அதை நான் உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை.  ஒன்பது நாளில் நீ போய்விட்டாய்.

உன்மேல் இருந்த கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். பொறுப்பாளரின் மேசையில் தண்ணீர் சிந்தியதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. அதுவும் என்னோடு இருக்கிறது.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது. நீ போன பிறகு மூன்று தரம் காலையில் வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இன்றைக்கு நான் ஓட்டக்கூடாது" என்று நானாகவே சொல்லியிருக்கிறேன். முதல் தரம் மனைவி பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள். இரண்டாம் தரம் காய்ச்சல் என்று பொய் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, உண்மையைச் சொன்னேன். மூன்றாம் தரம் காரணம் கேட்டார்கள். சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் குறித்துக்கொண்டார். நான் போய்ப் படுத்தேன்.