நீதிபதி தப்பித்த படம்

மயிலாப்பூர்
9-2-1928

காரைக்காலில் இருக்கும் என் பிரியமுள்ள தங்கை செசிலிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்.

இங்கே ஒரு சின்னச் சமாசாரம், பயப்படாதே. எங்கள் பயாஸ்கோப் கொட்டகையில் பிரெஞ்சுக் கொலைப் படம் ஒன்று ஓடுகிறது. திரையில் வரும் பிரெஞ்சு எழுத்தை உரக்கத் தமிழில் சொல்வதுதானே என் வேலை? கொலை செய்தவர் நீதிபதியே. கடைசியில் அவர் பிடிபடாமல் கப்பலேறிப் போய்விடுகிறார். இருந்ததை அப்படியே சொன்னேன்.

கூட்டம் இரண்டுபட்டது. "கொலைகாரன் தப்பிக்கறதும் ஒரு முடிவா? படமே தண்டம்!" என்று ஒரு வக்கீல் குமாஸ்தா கத்தினார். "பெரிய மனுசன் எங்க மாட்டிக்கினான்? படம் சரியாத்தான் கீது" என்றாள் பூக்காரி கன்னியம்மா.

சண்டை முற்றியதும் முதலாளி முன்னால் வந்து, "இவனுக்குப் பிரெஞ்சே தெரியாதுங்க. ஜட்ஜைத் தூக்குல போட்டாங்கன்னுதான் எழுதிக்கீது" என்றார். பிறகு என்னிடம், "நாளைக்கு அப்டியே சொல்லு" என்றார்.

செசிலி, பொய்யை அவன் சொல்லிவிட்டு என்னை மூடனாக்கினான்! மறுநாளும் உள்ளதையே சொன்னேன். வேலை போயிற்று.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். வேறு இடம் கேட்டிருக்கிறேன். என் பெட்டியிலுள்ள பிரெஞ்சுப் பள்ளிக்கூட சர்டிபிகேட்டை உடனே அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி எழுது. இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. சர்டிபிகேட் வந்ததும் அதே கொட்டகையில், அதே கூட்டத்தின் முன் அதை உரக்கப் படிப்பேன், முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில். அந்த முதலாளி காதாரக் கேட்கட்டும்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

உன்
சவரிநாதன்