ஆசிஃபுக்காக நான் பாடிய ட்ராக்

ஜூன் 14, சனி

எங்கள் ராக் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு இன்று தட்டாஞ்சாவடி ஸ்டுடியோவில் குரல் பதிவு. பாட்டு நான் எழுதியது, மெட்டும் என்னுடையது. பாடுவது மட்டும் போன மாதம் வந்து சேர்ந்த ஆசிஃப். அவன் கேட்டுப் பாடுவதற்காக, சளி பிடித்த தொண்டையோடு நேற்று நானே ட்ராக் பாடி வைத்தேன். ஒரு வரியின் நடுவில் மூச்சு முட்டி நிறுத்தியிருந்தேன். ஹெட்போனில் அதைக் கேட்டவன் அதே இடத்தில் அப்படியே மூச்சு வாங்கிப் பாடினான்.

டிரம்ஸ் வாசிக்கும் குமார் உருகிவிட்டான். "அந்த எடத்துல மூச்சு வாங்குறான் பாரு மச்சான், என்னா ஃபீலு! உனக்கெல்லாம் இது வராதுடா."

அது ஃபீல் இல்லை, என் சளி. ஆசிஃப் வேறு அடக்கமாகச் சிரிக்கிறான்.

நாளை அடுத்த பாட்டு. அதற்கும் நான்தான் ட்ராக். எங்கேயும் மூச்சே விடாமல் பாடி வைக்கப் போகிறேன். பாடட்டும், பார்க்கிறேன்.