நான் நீட்டிய பட்டியல்

நவம்பர் 3, திங்கள்

இன்று எங்கள் ஆந்திர எல்லை ஊரான நகரியின் பள்ளி மைதானத்தில் நான் ஆற்றிய உரையைக் கேட்டு வேப்பமரத்துக் காக்கைகள் இரண்டு மனம் திருந்திப் பறந்தன. பகலெல்லாம் நெசவுப் பட்டறையில் பாவு நூல் ஓட்டுகிற இந்த ஜெகநாதன், மாலை ஐந்தரை ஆனால் ஒன்பது பெண் பிள்ளைகளின் கோ-கோ படைக்குத் தளபதி. அக்காள் மகள் கீர்த்தி மாமா என்பதால் படை மொத்தமும் மாமா என்கிறது. எந்தச் சக்கரவர்த்திக்கு வாய்த்தது?

சபீனா, கோ கிடைக்கும் முன்பே எழுந்துவிட்டுப் பழியைப் பிரீத்திமேல் போட்டாள். விடுவேனா? எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தேன். தப்பு செய்தவர் எழுந்து ‘நான் செஞ்சேன்’ என்று சொல்ல வேண்டும். ‘ஆனா’ என்று இழுத்தால் இரண்டு சுற்று ஓட்டம். சபீனா ஆறு சுற்று ஓடினாள். பூமி கொஞ்சம் தேய்ந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

சித்தூர் போட்டி. தோற்றோம். எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக எந்த வரிசையில் இறங்குவார்கள் என்று முன்பே மேசையில் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள மூவர் நேரத்துக்கு இறங்காவிட்டால் மூவரும் அவுட். பள்ளிக்கூடத்துக் காஞ்சனா டீச்சர் நேற்றே அந்தப் பட்டியலைத் தெலுங்கில் எழுதித் தந்திருந்தார். காலையில் பஸ்ஸில் கேப்டன் பிரீத்தி வந்து சொன்னாள்: “மாமா, சபீனாக்கு முட்டி வீங்கிக்கினு கீது. அவ செட்டு கடைசியா இறங்கட்டும். கீர்த்தி செட்டை ரெண்டாவதா போட்டு லிஸ்ட்டை மாத்திடுங்க.”

“மாத்திட்டேன்னே வெச்சிக்கோ” என்றேன்.

மேசைக்காரர் மாற்றுப் பட்டியலும் தெலுங்கில்தான் வேண்டும் என்றார். தெலுங்கில் சண்டை போட்டே பாதி நகரியை ஜெயித்தவன் நான். ஆனால் எழுத வராது. தமிழ் மீடியம். நாற்பத்தெட்டு வருஷமாக யாருக்கும் தெரியாது. பின்னால் நாலு கோச்சுகள் நிற்கிறார்கள். பழைய பட்டியலையே நீட்டிவிட்டேன். ஓடிப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் — விசில் அடித்துவிட்டார்கள். முதல் மூவர் ஓடிக்கொண்டிருந்தபோதாவது சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லல?

கீர்த்தி செட் இறங்கியது. நடுவர் வெளியே போகச் சொன்னார். சபீனா செட் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தது. மூவரும் அவுட். இரண்டு பாயிண்ட்டில் போயிற்று.

பி.டி. மாஸ்டர் நாராயணசாமி சார் பிரீத்தியைப் பிடித்துக்கொண்டார். “கேப்டனுக்கு வரிசை தெரியாதா?”

“மாமா கிட்ட மாத்தச் சொன்னேன் சார்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல சார்.”

அந்த வாய் என்னுடையதுதான். பொய் வேறயா என்று சார் இன்னும் எகிறினார். திருப்பதியில் நடக்கும் மாநில அணி செலக்‌ஷனுக்குப் போகும் பெயர்களில் பிரீத்தியின் பெயரை அங்கேயே அடித்துவிட்டார்.

நவம்பர் 9

கீர்த்தி என்னோடு பேசவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பிரீத்தி நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. ஒருத்தி கோட்டைத் தாண்டினாள். “வட்டமா உக்காருங்க” என்றேன்.

“எதுக்கு மாமா?” என்றாள் சபீனா. அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா கேட்டாள். எனக்கு முதுகில் ஒரு காவிரியே ஓடியது.

நவம்பர் 12, புதன்

சோறு போட்டுக்கொண்டே கீர்த்தி கேட்டாள். “மாமா, அன்னிக்குப் பஸ்ஸுல உன் பக்கத்துல யாரு உக்காந்துக்கினு இருந்தா?”

“நீதான்.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.”

“சார் கிட்ட சொல்லிட்டியா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? நாளான்னிக்குச் சாயங்காலம் சார் பேரை அனுப்பறாரு. அதுக்குள்ள நீ சொல்லு. துன்னு.”

துன்ன முடியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பிரீத்தி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தணிகைவேல் நாலு விசைத்தறிகளுக்கு நடுவே நின்றிருந்தார். மூலையில் பிரீத்தி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஷூ ஆணியில் தொங்கியது.

நான் சொன்னது தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. “இன்னா?” என்று கையை ஆட்டினார். கத்தினேன். “இன்னா?” அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நொடி பார்த்துக் கரண்ட் போய் நாலு தறியும் நின்றன. “எனக்குத் தெலுங்கு எழுத வராது! பழி வந்ததும் பொய் சொன்னேன்!” என்பது தெரு முழுக்க, ஏன், மாவட்டத்தின் அந்தக் கோடியில் இருக்கும் குப்பம் வரைக்கும் கேட்டிருக்கும்.

தணிகைவேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “பொய்க்காரிக்கு ஆட்டம் ஒரு கேடான்னு கேட்டேன்யா எம்பொண்ணை. அஞ்சு நாளா ‘நான் சொன்னேன் நைனா, நான் சொன்னேன் நைனா’ன்னுக்கினே கீறா. நான் நம்பல.”

என்னைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? எங்க அவ மானம் போச்சோ அங்க போய்ச் சொல்லு” என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

சொன்னேன். வட்டத்தின் நடுவில், நாராயணசாமி சார் முன்னால். தணிகைவேலே பிரீத்தியைக் கூட்டி வந்திருந்தார். “பிரீத்தி சொன்னா. நான் மாத்தல. அப்புறம் பொய் சொன்னேன்.” அதற்கு மேல் நாக்கு ‘ஆனா’ என்று கிளம்பியது. கடித்துக்கொண்டேன்.

பிரீத்தி கேட்டாள். “நான் அழுதேனே, அப்ப எங்க பாத்துக்கினு இருந்தீங்க?”

“ஸ்கோர் போர்டை.”

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சார் அடித்த பெயரைத் திரும்ப எழுதினார். என்னைத் திட்டவில்லை. பிள்ளைகள் ஓரமாகப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்தார்கள். கீர்த்திதான் தீர்ப்பு சொன்னாள்: “பிரீத்தி கூப்புடற வரைக்கும் மாமா கிரவுண்டுக்குள்ள வரக்கூடாது.” சரி என்பவர்கள் கை தூக்கினார்கள். எண்ணினேன். ஒன்பது.

நவம்பர் 16, ஞாயிறு

திருப்பதியில் செலக்‌ஷன். நான் போகவில்லை. பகல் முழுக்க ஒரே பாவு நூலை மூன்று முறை அறுத்தேன். நாலு மணிக்குக் கீர்த்தி போன் செய்தாள். பிரீத்தி பெயர் வந்துவிட்டது. பன்னிரண்டில் பதினொன்றாவது.

பட்டறையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். எதற்கென்று கேட்டார்கள். பன் வேண்டுமா என்று கேட்டேன்.

நவம்பர் 22, சனி

பத்து நாள் முகாமுக்குப் பிரீத்தி கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் படை முழுக்க நின்றது. நான் டீக்கடைப் பக்கம் தள்ளி நின்றேன். இந்தப் பத்து நாளுக்குக் கீர்த்தி கேப்டனாம். பிரீத்தி ஒவ்வொருத்தியிடமும் என்னென்னவோ சொல்லிவிட்டு, பஸ் உறுமியதும் என் பக்கம் வந்தாள்.

“ரெண்டாம் தேதி வந்துருவேன் மாமா. மூணாம் தேதி அஞ்சரைக்கு கிரவுண்டுல இருங்க.”

“இருக்கேன்மா” என்றேன். அலங்காரமாக நாலு வார்த்தை சேர்ப்பதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள்.

மாலை ஐந்தரைக்குக் கால் தானாக மைதானத்துக்குப் போனது. கீர்த்தியின் குரல் வெளியே வரை கேட்டது. கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போகவில்லை.